கரையில் நின்றவருக்கு வந்த கடிதங்கள்: சவேரியார் மன்சிலாஸுக்கு எழுதிய மடல்கள் குறித்து ஒரு மதிப்பீடு

சமயப் பரப்பாளர்களின் கடிதங்களைத் தமிழாய்வுலகம் பெரும்பாலும் இரு நோக்கில் அணுகி வந்துள்ளது. அவற்றைத் தொண்டின் சான்றுகளாகப் போற்றுவது ஒன்று. ஆதிக்கத்தின் கருவிகளெனக் கண்டு ஒதுக்குவது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டு நோக்கிற்கும் பொதுவான ஒரு குறை உண்டு. கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்னும் எளிய வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை. பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறையிலிருந்து எழுதிய கடிதங்களைப் பொறுத்தவரை இவ்வினா மிக இன்றியமையாதது என்று நாம் கருதுகிறோம். உரோமாபுரிக்குச் சென்ற கடிதம் வேறு. பக்கத்து ஊரில் இருந்த உடனுழைப்பாளருக்குச் சென்ற கடிதம் வேறு. முன்னது உலகறிந்தது. பின்னதோ, அறிந்தவர் இருந்தும் படித்தவர் குறைவாக உள்ள தொகுதி. இக்கட்டுரை அப்பின்னதைப் பற்றியது.

முதலில் எமது பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு ஐரோப்பாவில் தங்கியிருந்த ஆண்டுகளில் சவேரியாரின் கடிதங்களை நாம் படித்தோம். ஆயினும் அன்று நாம் குறிப்பெடுத்தவை அனைத்தும் உரோமாபுரிக்கு எழுதப்பட்ட நெடுங்கடிதங்களே. மன்சிலாஸுக்கு எழுதப்பட்டவை சிறியன. பணம், படகு, நோய், பிள்ளைகள் என்று நாட்கடமைகளைப் பேசுவன. அவற்றில் ஆய்வுக்குரிய செய்தி ஏதுமில்லையெனப் புரட்டிச் சென்றுவிட்டோம். பல ஆண்டுகள் கழித்து ஆசிரியர் பயிற்சி மாணவர்களோடு அவற்றை மீளப் படித்தபோதுதான் நாம் புறக்கணித்தது எதனை என்பது விளங்கிற்று.

பின்னணியைச் சுருக்கமாகக் கூறிச் செல்லலாம். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களின் நடுப்பகுதியில் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். முத்துக்குளித்தலில் தமக்கிருந்த உரிமையைக் காத்துக்கொள்ளப் போர்த்துக்கேயரின் துணையை நாடிய ஓர் அரசியல் ஒப்பந்தத்தின் பயன் அது. அதன்பின் சில ஆண்டுகள் அவர்களுக்குச் சமயம் கற்பிப்பார் எவரும் இலர். 1541 ஏப்ரலில் லிஸ்பனிலிருந்து புறப்பட்ட சவேரியார் 1542 மே மாதம் கோவாவை அடைந்தார். அவ்வாண்டு அக்டோபரில் இக்கரைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 36. அவரோடு லிஸ்பனில் கப்பலேறியவர் பிரான்சிஸ்கோ மன்சிலாஸ் என்னும் போர்த்துக்கேயர். பெருங்கல்வி இல்லாதவர், அப்போது குருப்பட்டமும் பெறாதவர். 1544இன் தொடக்கத்தில் சவேரியார் அவரைக் கரைக்கு அழைத்துவந்து ஊர்களைப் பிரித்துக் கொடுத்தார். அவ்வாண்டு முழுவதும் மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை, தூத்துக்குடி என்று இருவரும் தனித்தனியே திரிந்தனர். ஒருவர் மற்றவருக்கு எழுதினார். ஏறத்தாழ இருபத்தைந்து கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அனைத்தும் சவேரியார் எழுதியவை. மன்சிலாஸ் எழுதிய விடைகளுள் ஒன்றேனும் எஞ்சவில்லை.

இரு கடிதங்கள், இரு உலகங்கள்

1544 ஜனவரி 15ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமாபுரியில் உள்ள தம் சபையினருக்குச் சவேரியார் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. அடுத்த ஆண்டே பாரிசில் அச்சேறிப் பலரைக் கிளர்ந்தெழச் செய்தது. அதில் ஒரு கற்பித்தல் முறை விளக்கப்படுகிறது. இரு மொழியும் ஓரளவு அறிந்த உள்ளூரார் சிலரைக் கூட்டி, பெருமுயற்சியோடு மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்த்து, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருவில் சென்று சிறுவரையும் பிறரையும் கூட்டி, நாளுக்கு இருமுறை என ஒரு திங்கள் அளவும் கற்பித்ததாக அவர் உரைக்கிறார். சிறுவர் தாம் கற்றதைத் தாய் தந்தையர்க்கும் வீட்டாருக்கும் அண்டை அயலார்க்கும் கற்பிக்க வேண்டும் என்பது கட்டளை. ஞாயிறுதோறும் ஊரார் அனைவரும் கூடி ஒருவாய்ப்பட ஓத வேண்டும். நோயாளிகளின் வீடுகளுக்குச் சிறுவரே அனுப்பப்பட்டனர். திருமுழுக்கு அளித்து அளித்துக் கை சோர்ந்துபோவதையும் அக்கடிதம் பேசுகிறது. பாரிஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, கல்வியை வீணாக்குவோரை நோக்கிக் கூவ வேண்டும்போல் இருப்பதாக அவர் கூறுமிடத்தை எடுத்தாளாத சமய நூல் அரிது.

தமிழாசிரியர்க்கு இம்முறையில் புதுமை ஏதும் தோன்றாது. திண்ணைப்பள்ளியில் சட்டாம்பிள்ளை சொல்ல மற்றவர் திரும்பச் சொன்னதும் இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சவேரியாரின் முறையில் ஆசிரியரே தாம் சொல்வதன் பொருளை முழுதும் அறியாதவர். கடிதத்தின் உறுதியான தொனியில் இச்செய்தி மறைந்துவிடுகிறது. சிறுவர்கள் தம் பெற்றோரோடு வழிபாடு பற்றி வாதிட்டதையும், சிலைகளை அவமதித்து உடைத்ததையும் அவர் மகிழ்ச்சியோடு குறிக்கிறார். அவ்வரிகளை இன்று படிக்கும் தமிழர் எவரும் மகிழ்ச்சியோடு படிக்க இயலாது. கிறித்தவத் தமிழரும் அவ்வாறே. குடும்பம் முழுவதற்கும் கற்பித்தல் எனப்படுவது ஈண்டுக் குடும்பத்தினுள்ளே மூத்தோர் இளையோர் வரிசையைத் தலைகீழாக்குவதாகவும் அமைகிறது. தந்தைக்கு மகன் ஆசிரியனாகிறான். தந்தை வணங்கியதை மகன் உடைக்கிறான். அதனால் அவ்வீட்டில் அன்றிரவு என்ன நேர்ந்தது என்பது உரோமாபுரிக்குச் செல்லும் கடிதத்திற்குத் தேவையற்ற செய்தி.

இனி, அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மன்சிலாஸுக்கு எழுதப்பட்ட கடிதமொன்றை எடுத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பாளர் அந்தோனியோ நோயுற்று மணப்பாட்டில் கிடக்கிறார். சவேரியார் தனித்திருக்கிறார். மக்கள் பேசுவது தமக்கு விளங்கவில்லை, தாம் பேசுவது அவர்களுக்கு விளங்கவில்லை என்று ஒளிவின்றி எழுதுகிறார். பிறந்த குழந்தைகளுக்கு நீர் வார்க்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஏழைகள் தம் தேவையை உணர்த்தவும் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஆகவே அவற்றையே செய்துகொண்டிருக்கிறேன் என்பது அக்கடிதத்தின் சாரம். கரைக்கு வந்து ஏறத்தாழ ஈராண்டு ஆகும் நிலையில் இவ்வாறு எழுதப்பட்டது என்பதை மறத்தலாகாது. எட்டுத் திங்களுக்கு முன் ஐரோப்பாவுக்கு அனுப்பிய வெற்றிச் செய்திக்கும் இவ்வொப்புதலுக்கும் உள்ள இடைவெளியைப் பொய்யென்று பெயரிடுதல் எளிது. நாம் அவ்வாறு பெயரிடவில்லை. ஒருவர் மேலிடத்துக்கு எழுதும் அறிக்கைக்கும் உடன் பணியாற்றுவோருக்கு எழுதும் குறிப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியத் தொழிலில் இருப்போர் நன்கறிவர். ஆயினும் வரலாறு எழுதுவோர் அறிக்கையை மட்டும் கொண்டு எழுதிவிட்டனர் என்பதே நம் முறையீடு.

அதற்குப் பதிப்பு வரலாறும் ஒரு காரணம். இக்கடிதங்கள் நெடுங்காலம் செம்மைப்படுத்தப்பட்ட இலத்தீன் வடிவிலேயே வழங்கின. 1872இல் ஆங்கிலத்தில் வெளிவந்த கோல்ரிட்ஜின் தொகுப்பில் சவேரியார் பேசுவது நன்கு பயின்ற ஒரு மேடைப் பேச்சாளரைப்போல் இருக்கும். சூர்ஹாமரும் விக்கியும் 1944-45இல் மூலங்களை ஒப்பிட்டு வெளியிட்ட பதிப்பு வந்தபின்னரே அவருடைய முறிந்த தொடர்களும் அவசரமும் வெளிப்பட்டன. அவசரம் என்னும் சொல்லை நாம் வேண்டுமென்றே ஆள்கிறோம். இம்மடல்களின் முதன்மையான இலக்கியப் பண்பு அதுவே.

"வேணும்"

மன்சிலாஸ் மடல்களுள் தமிழாய்வாளர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஓரிடம் உண்டு. மன்றாட்டில் வரும் இரு சொற்களைத் திருத்துமாறு சவேரியார் அறிவுறுத்துகிறார். கடவுளை நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "எனக்கு வேணும்" என்று இதுவரை சொல்லப்பட்டு வந்திருக்கிறது. "வேணும்" என்பது விரும்புதலைக் குறிப்பது. எனவே இனி "விசுவாசம்" என்னும் சொல்லை ஆள்க என்பது முதல் திருத்தம். கிறித்துவின் பாடுகளைக் கூறுமிடத்தில் பலவந்தத்தால் என்று பொருள்படும் சொல் ஒன்று புகுந்துள்ளது. அவர் தாமே விரும்பிப் பாடுபட்டார் ஆதலின் அச்சொல்லை நீக்குக என்பது இரண்டாவது. அச்சொல் போர்த்துக்கேய எழுத்தில் சிதைந்து காணப்படுகிறது. "வன்பினாலே" என்று அதனைப் படித்தல் பொருந்தும். "அன்பினாலே" என்று ஒருவர் சொல்ல, மற்றொருவர் செவியில் அது "வன்பினாலே" என்று விழுந்திருக்கவும் கூடும் என்பது எமது ஐயம். ஐயம் என்ற அளவில் இதனை விட்டுவிடுகிறோம்.

இத்திருத்தத்தை மொழிப்பிழை திருத்தம் என்று மட்டும் கொள்வது போதாது. 1542 இறுதியிலிருந்தே மன்றாட்டுகள் ஓதப்பட்டு வந்தன. சிறுவர் மனப்பாடம் செய்து வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்தனர். ஆக, ஓராண்டுக்கு மேலாகப் பல குடும்பங்கள் காலையும் மாலையும் கடவுள் எனக்கு "வேணும்" என்றே ஓதி வந்திருக்க வேண்டும். எம்முறையினால் பாடம் பரவியதோ அம்முறையினாலேயே பிழையும் பரவிற்று. அதனைத் திருத்தும் பணி மன்சிலாஸின் தலையில் விழுந்தது. ஒரு சொல்லை மனப்பாடத்திலிருந்து பிடுங்கி வேறொன்றை நடுவது எத்துணை அரிது என்பதை வாய்ப்பாட்டைத் தவறாகக் கற்ற மாணவனைத் திருத்த முயன்ற எவரும் அறிவர். சவேரியாரின் கடிதத்தில் அது ஓரிரு வரி. மன்சிலாஸுக்கு அது எத்தனை வாரமாயிற்றோ!

இதனினும் ஆழமான ஒன்று இங்கு உண்டு. அப்பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளர் பிழைதான் செய்தாரா? தமிழில் வேண்டுதல் என்பது விரும்புதலையும் குறிக்கும், இறைஞ்சுதலையும் குறிக்கும், இன்றியமையாமையையும் குறிக்கும். தெய்வத்தோடு தமிழ்க் குடும்பம் கொண்டிருந்த உறவின் வினைச்சொல்லே அதுதான். கடலுக்குச் சென்றவன் திரும்ப வேண்டும். காய்ச்சல் தணிய வேண்டும். அதற்குத் தெய்வம் வேண்டும். ஒரு கோட்பாட்டை உண்மையென ஏற்கும் அறிவுச்செயலாகச் சமயத்தைக் காணும் மரபு வேறு. தேவையின்கண் நாடும் உறவாகக் காணும் மரபு வேறு. சவேரியார் "விசுவாசம்" என்னும் வடசொல்லைத் தேர்ந்தபோது முதல் மரபின் துல்லியத்தைப் பெற்றார். இரண்டாம் மரபின் நெருக்கத்தை இழந்தார். இறையியல் நோக்கில் அவர் செய்தது சரியே. எனினும் அக்கரையின் பெண்ணொருத்திக்கு எச்சொல் தன்னுடையதாக இருந்திருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. பின்னாளில் ஜப்பானில் கடவுளுக்கு "தைனிச்சி" என்னும் பௌத்தப் பெயரை ஆண்டு, பின்னர் அதனைக் கைவிட்டு "தேயுஸ்" என்னும் இலத்தீன் சொல்லுக்கு அவர் திரும்பியதையும் இதனோடு ஒப்புநோக்கலாம். பணியிடம் மாறினும் இடர்ப்பாடு மாறவில்லை.

ஒரு வாரம்

கடிதங்கள் ஒரே சீராக வந்தவை அல்ல. சிலவேளை இரு வாரங்களுக்கு ஒன்று; சிலவேளை ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் பல. நெருக்கடி மிகுந்தபோது மடல்கள் நெருங்கி வருகின்றன. 1544 ஜூன் மாதம் வடுகப் படையினர் குமரிக்கரைப் பகுதியைத் தாக்க, மக்கள் கடலோரப் பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வருந்தினர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்றினால் குமரியை அடைய இயலாமல் திரும்ப நேர்ந்தது. இத்தகைய செய்திகளுக்கு நடுவேதான், பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில் கவனம் குறையலாகாது, பிறந்த குழந்தைகள் திருமுழுக்கின்றி இருத்தலாகாது, கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்தாயிற்றா என்னும் வினாக்களும் வருகின்றன. கற்பித்தல் என்பது அமைதியான ஊரில் மணியடித்துச் செய்யும் பணியாக உரோமாபுரிக் கடிதத்தில் தோன்றியது. இங்கோ அது ஓடுகின்ற மக்களின் பின்னே ஓடிச் செய்யப்படுவதாக உள்ளது.

அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் ஆலந்தலையிலிருந்து எழுதிய மடல் இத்தொகுதியின் உச்சம் என்பது எமது மதிப்பீடு. தூத்துக்குடியில் இருந்த போர்த்துக்கேயத் தலைவன் கொஸ்மே தெ பைவா பேராசைக்காரன், பரதவரைத் துன்புறுத்தியவன். அவனைப் பற்றிச் சவேரியார் கடுமையாக எழுதியுள்ளார். போர்த்துக்கேய அதிகாரிகளின் கொடுமையைக் கண்டு மனம் வெறுத்து, அபிசீனிய மன்னனின் நாட்டுக்கே போய்விடலாமா என்று எழுதுமளவுக்கு அக்காலத்தில் அவர் சோர்ந்திருந்தார். இப்போது அத்தலைவனின் வீடு எரிக்கப்பட்டுவிட்டது. அவன் தீவுகளுக்கு ஓடி ஒளிந்துள்ளான். செய்தி கேட்டவுடன் சவேரியார் மன்சிலாஸுக்கு எழுதுகிறார்: புன்னைக்காயலிலிருந்தும் கொம்புத்துறையிலிருந்தும் தோணிகளைத் திரட்டு; நீரும் உணவும் ஏற்று; உடனே சென்று அவனுக்கு உதவு. அறிவுரை இல்லை, நானே சொன்னேன் அன்றோ என்னும் தொனி இல்லை. தொடர்கள் மூச்சுவாங்குகின்றன. தூத்துக்குடி மக்களும் அத்தீவுகளில் பட்டினியால் மடிகின்றனர் என்பது அடுத்த சில நாள்களில் எழுதியவற்றால் பெறப்படும். மன்சிலாஸ் அவர்களையும் கரையேற்ற வேண்டும். அவ்வாரத்தில் கற்பித்தல் நடந்திருக்காது. நடந்திருக்காத அவ்வாரத்தில்தான் இவ்விருவரும் அம்மக்களுக்கு எதைக் கற்பித்தனர் என்று மாணவர் ஒருவர் எம்மிடம் வினவினார். நல்ல வினா அது.

இம்மடல்களை நாம் ஒரேயடியாகப் புகழ்வதாக எவரும் கருத வேண்டாம். சாராயம் அருந்தும் பெண்களுக்குத் தண்டமும் சிறையும் விதிக்குமாறு இவற்றிலேதான் கட்டளை பிறக்கிறது. அதனை நிறைவேற்றுவோர் ஊர்த்தலைவரான பட்டங்கட்டிகள். ஆண்கள் அருந்தியதைப் பற்றி அவ்விடத்தில் பேச்சில்லை. கற்பிப்போர் சம்பளத்துக்கான பணமும் எங்கிருந்து வந்தது? போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இக்கரை வருவாயிலிருந்து ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்ட 4000 பணத்தைச் சவேரியார் கேட்டுப் பெற்றார். அரசியை விண்ணகத்துக்கு ஏற்றிச் செல்லச் சிறுவர்களின் மன்றாட்டைவிடச் சிறந்த காலணி இல்லை என்பது அவருடைய நயவுரை. நயம் இருக்கட்டும். முத்தெடுத்தோர் செலுத்திய பணம் லிஸ்பன் அரண்மனைக்குப் போய்ச் சேரவிருந்த இடத்தில் திருப்பப்பட்டு, அவர்தம் பிள்ளைகளுக்கு மன்றாட்டுக் கற்பிக்கச் செலவாயிற்று என்பதே உண்மை நிலை.

பட்டங்கட்டி, கணக்கப்பிள்ளை, தோணி, பணம் ஆகிய சொற்கள் போர்த்துக்கேயக் கடிதத்தினுள் ஒலிதிரிந்து அப்படியே வருகின்றன. பெயர்த்துச் சொல்ல அவருக்கு நேரமில்லை. பெயர்க்க வேண்டிய தேவையும் இல்லை, படிப்பவர் கரையில் இருப்பவர் ஆதலின். உரோமாபுரிக்கு எழுதும்போது விளக்கம் தேவைப்படும். விளக்கம் தேவைப்படாத இடத்தில் தமிழ் உள்ளே நுழைந்துவிடுகிறது. ஈராண்டில் சவேரியாருக்குத் தமிழ் எவ்வளவு கைவந்தது என்பதை அவர் பெயர்த்த மன்றாட்டைக் காட்டிலும் அவர் பெயர்க்காமல் விட்ட இச்சொற்களே நமக்குச் சரியாக உணர்த்தும்.

போகச் சொன்ன ஆணை

மன்சிலாஸுக்குச் சவேரியார் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே: பொறுத்துக்கொள். நல்ல தந்தை தீய மக்களைப் பொறுப்பதுபோல் பொறுத்துக்கொள். மக்கள் உன்னை அன்பு செய்யும்படி நடந்துகொள். அன்பு செய்தால்தான் உன்னால் பயனுண்டு. ஓர் அறிவுரை இத்தனை முறை கூறப்படுவது எதனைக் காட்டுகிறது? மன்சிலாஸ் எளிதில் பொறுமையிழப்பவர் என்பதனை. ஆகவே அவரைத் தமிழ் மக்கள்மீது அளவிறந்த பற்றுக் கொண்டவராகக் கற்பனை செய்வதற்கு இம்மடல்கள் இடந்தரவில்லை. அவர் சலித்துக்கொண்டே பணியாற்றியவர். நம் தொழிலிலும் அத்தகையோர் உண்டு. அவர்களுள் நல்லாசிரியரும் உண்டு.

1545 ஏப்ரல் 7ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து எழுதிய மடல் இத்தொடரின் இறுதியானது. அதன்பின் சவேரியார் மயிலாப்பூரில் நான்கு திங்கள் அளவு தங்கினார். மக்காசார் பக்கம் செல்வதென்று முடிவு செய்தார். செப்டெம்பர் இறுதியில் மலாக்கா வந்திறங்கினார். நம் நாட்டவர்க்கு இவர் மலாக்காக் குன்றின்மீதுள்ள பாழடைந்த கோவிலின் முன் நிற்கும் சிலையாகவே அறிமுகம். அக்கோவிலில் 1553இல் அவர் உடல் சில திங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்ததையும் பலர் அறிவர். ஆனால் 1545இல் அக்குன்றின் அடிவாரத்தில் அவர் செய்தது என்ன? முத்துக்குளித்துறையில் செய்ததையே செய்தார். மொழியறிந்தோரைத் துணைக்கொண்டு மன்றாட்டுகளை மலாய் மொழியில் பெயர்த்தார், மனப்பாடம் செய்தார், சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். மூன்று திங்களில் எல்லாம் முடிந்தது. 1546 ஜனவரி முதல் நாள் அம்போனுக்குக் கப்பலேறினார். அவரோடு பயணம் செய்தது மொழி அன்று, முறை. முறையை எடுத்துக்கொண்டு எங்கும் செல்லலாம். மொழியை அவ்வாறு எடுத்துச் செல்ல இயலாது. தமிழில் திருத்திய "வேணும்" அம்போனில் பயன்படாது.

அம்போனிலிருந்து 1546 மே மாதம் அவர் எழுதிய கடிதத்தில் மன்சிலாஸுக்கு ஆணை வருகிறது: ஜுவான் தெ பெய்ராவுடன் மலுக்குத் தீவுகளுக்குப் புறப்படுக. பெய்ரா சென்றார். மன்சிலாஸ் செல்லவில்லை. 1548இல் இந்தியா திரும்பிய சவேரியார் கீழ்ப்படியாமைக்காக அவரைச் சபையிலிருந்து நீக்கினார். ஏழாண்டு உறவு, லிஸ்பன் துறைமுகத்திலிருந்து தொடர்ந்த நட்பு, இருபத்தைந்து கடிதங்கள். அவ்வளவும் ஒரு பணியிட மாற்ற ஆணையில் முடிந்தன.

சமய வரலாற்று நூல்கள் இந்நிகழ்ச்சியைக் கீழ்ப்படிதலின் மேன்மைக்கு எதிர்மறைச் சான்றாகக் கூறி நகர்ந்துவிடும். நாமும் வகுப்பில் ஒருமுறை அவரை அஞ்சியவர் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். பின்வரிசையில் இருந்த ஆசிரியை ஒருவர் எழுந்து, "ஐயா, நான்கு ஆண்டுகளாக ஒரே பள்ளியில் இருந்துவிட்டு மாற்றல் கடிதம் வாங்கிப் பாருங்கள்" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

மன்சிலாஸ் ஏன் செல்லவில்லை என்பதற்கு ஒரு காரணத்தைப் புனைந்து தருவது எம் நோக்கமன்று. ஆனால் கடிதங்களைக் கற்பவர் என்ற முறையில் ஒன்றைச் சுட்டலாம். ஆணையிட்டவரும் மக்களிடம் அன்பு பெறுமாறு வற்புறுத்தியவரும் ஒருவரே. ஊர் ஊராகச் செல்க, ஓரிடத்தில் தங்காதே என்றவரும் அவரே. அன்பு பெறுதல் ஓரிடத்தில் வேர்விடுதல். பணியாணை வேரைப் பறித்தல். இவ்விரண்டுக்கும் இடையிலான முரணைச் சவேரியார் தம்மளவில் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அவர் எப்போதும் அடுத்த தீவை நோக்கியவர். அபிசீனியா, மக்காசார், அம்போன், ஜப்பான், இறுதியாகச் சீனத்தின் வாயில். அவருடைய மடல்களின் அவசரம் என்று நாம் மேலே குறித்தது இதனோடும் தொடர்புடையது; அவை எழுந்து செல்லவிருப்பவரின் நடை. அக்கடிதங்களைப் பெற்றவரோ அங்கேயே இருக்கப்போகிறவர். எழுதுபவரின் காலமும் படிப்பவரின் காலமும் ஒன்றாயிராத இந்நிலைதான் இத்தொகுதியின் உயிர்நாடி. மன்சிலாஸின் விடைகள் அழிந்தமையால் அவர் காலம் நமக்குக் கடிதங்களின் நிழலாகவே தெரிகிறது.

1548 பிப்ரவரியில் சவேரியார் மணப்பாட்டிலிருந்து கரையிலுள்ள சபையினர்க்கு ஓர் அறிவுறுத்தல் எழுதினார். மன்சிலாஸ் நீங்கிய அதே காலம். பிறந்த குழந்தைகளைத் தேடி வீடுவீடாகச் செல்லுதல், சிறுவர்க்குக் கற்பித்தல், சனிக்கிழமை பெண்களையும் ஞாயிறு ஆண்களையும் கூட்டுதல், நோயாளிகளைக் காணுதல் என ஒரு வாரத்தின் ஒழுங்கு அதில் வரையறுக்கப்படுகிறது. 1544இல் படகும் பட்டினியுமாகச் சிதறிக் கிடந்த வாரம் இங்கே அட்டவணையாகிவிட்டது. அட்டவணை நன்று, எவர் வந்தாலும் பின்பற்றலாம். எவர் சென்றாலும் குறைவில்லை என்பதும் அதற்குள் அடங்கியுள்ளது.

ஆனால் அவ்வறிவுறுத்தலைப் பெற்றோருள் ஒருவர் அட்டவணைக்குள் அடங்காதவராக இருந்தார். 1547இல் கரைக்கு வந்த என்றிக்கே என்றிக்கஸ் மொழிபெயர்ப்பாளரை நம்பாமல் தாமே தமிழ் கற்றார், இலக்கணம் எழுதினார், 1578இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" தமிழெழுத்தில் அச்சாகக் காரணமானார். 1600இல் இறக்கும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேலாக, அவர் களம் இக்கரையே. தமிழ் உரைநடை வரலாற்றிலும் அச்சு வரலாற்றிலும் நாம் கற்பிக்கும் பெயர் அவருடையது. சவேரியாரும் மன்சிலாஸும் வாய்மொழியில் தடுமாறிய இடத்தை அவர் ஏட்டில் உறுதிப்படுத்தினார். போனவர், போக மறுத்தவர், போகச் சொல்லப்படாதவர் என மூவரையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் ஆய்வு இன்னும் விரிவாகச் செய்யத்தக்கது. தமிழ் வளர்ந்தது மூன்றாமவரிடம் என்பது வெளிப்படை. ஆயினும் அவர் கற்கத் தொடங்கியபோது அங்கே மன்றாட்டை மனப்பாடமாகச் சொல்லும் ஒரு தலைமுறைச் சிறுவர் இருந்தனர் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையை 1960களில் வழிநடத்திய தனிநாயகம் அடிகள், ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிய தொடக்ககாலத் தமிழ் அச்சு நூல்களைத் தமிழுலகத்தின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். அந்தாவ் தெ புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிடச் செய்தார். சவேரியாரின் பெயரையே தம் பெயரில் தாங்கியவர் அவர். அவர் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாக, மன்சிலாஸ் மடல்களைப் போர்த்துக்கேய மூலத்திலிருந்து நேரே பெயர்த்து, நெய்தல் நில வழக்கும் போர்த்துக்கேயமும் அறிந்த இருவர் இணைந்து, சொல்லடைவுடன் கூடிய வகுப்பறைப் பதிப்பொன்றை உருவாக்க வேண்டும். இந்நாட்டுத் துறைகளிலும் அது இயலும். முன்னுரையில் புகழுரை வேண்டா, கண்டனமும் வேண்டா. எந்நாள், எவ்வூர், எத்தனை தோணி, எச்சொல் என்னும் குறிப்புகள் போதும்.

1556இல் போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் ஜான், சவேரியாரின் வாழ்வைப் பற்றி அவரை அறிந்தோரிடம் விசாரித்துப் பதிவு செய்ய ஆணையிட்டார். கோவாவிலும் கொச்சியிலும் மலாக்காவிலும் விசாரணை நடந்தது. கொச்சியில் சாட்சியம் அளித்தோர் வரிசையில் மன்சிலாஸும் இருந்தார். சபையால் நீக்கப்பட்டவர், நீக்கியவரின் புனிதத்துக்குச் சான்று கூற அழைக்கப்பட்டார்; கூறினார். அவர் விடைகளுள் நமக்கு எஞ்சியது அது ஒன்றே. அப்பதிப்பின் பின்னிணைப்பில் அதனையும் சேர்க்க வேண்டும்.